விக்கிப் பகுப்பு சரியாக வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

தமிழ் விக்கிப்பீடியாவிலும், ஊர் வரலாற்றுக்காக நாலைந்து பேர் சேர்ந்து நடத்தும் ஒரு சிறிய மீடியாவிக்கி (விக்கிப்பீடியாவை இயக்கும் மென்பொருள்) தளத்திலும் பகுப்புகளைத், அதாவது கட்டுரைகளைப் பொருள்வாரியாகச் சேர்க்கும் பட்டியல்களைத், திருத்துவதுதான் என் மாலை நேர வேலை. ஒரே மாதிரிக் கோளாறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொரு முறையும் பேச்சுப் பக்கத்தில் ஒரே பதிலை எழுதுவதற்குப் பதிலாக இங்கே ஒரு முறை எழுதி வைக்கிறேன்.

வார்ப்புருவையோ (பல பக்கங்களில் பயன்படும் பொது உரைத்துண்டு) வழங்கியையோ (தளம் இயங்கும் கணினி) தொடுவதற்கு முன் எழுத்தைப் பாருங்கள். மென்பொருளுக்குப் பகுப்பின் பொருள் தெரியாது, எழுத்துகளின் வரிசை மட்டுமே தெரியும். தமிழில் வரும் பகுப்புச் சிக்கல்களில் பெரும்பாலானவை ஓர் எழுத்தில் தொடங்கி ஓர் எழுத்தில் முடிகின்றன.

## பகுப்பைச் சேர்த்தேன், பக்கத்தின் அடியில் வரவே இல்லை

முதலில் தொகுப்புப் பெட்டியைத் திறந்து, நீங்கள் எழுதிய வரி [[பகுப்பு:சோழ அரசர்கள்]] என்ற வடிவத்தில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். "பகுப்பு" என்ற சொல்லில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் அது வெறும் இணைப்பாகி, கட்டுரையின் உடலில் சிவப்பாக நிற்கும். "பகுபு", "பகுப்ப்பு" இரண்டையும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வரி கட்டுரைக்குள் நீல இணைப்பாகத் தெரிகிறதா? அப்படியென்றால் சதுர அடைப்பை அடுத்து ஒரு முக்காற்புள்ளி இருக்கும்: [[:பகுப்பு:சோழ அரசர்கள்]]. அந்த முதல் முக்காற்புள்ளி பகுப்பில் சேர்க்காதே, இணைப்பு மட்டும் கொடு என்று சொல்கிறது. மணல்தொட்டியில் (பயிற்சிப் பக்கம்) எழுதிய வரைவைப் பொதுவெளிக்கு நகர்த்தும்போது இதை எடுக்க மறந்துவிடுவார்கள். எடுத்துவிட்டால் சரியாகிவிடும்.

வரி சரியாக இருந்தும் எதுவும் தெரியவில்லையா? அதற்கு மேலே மூடப்படாத மறைகுறிப்பு (<!-- என்று தொடங்குவது) இருக்கிறதா பாருங்கள். ஒரு மறைகுறிப்பைத் தொடங்கி மூடாமல் விட்டால் அதற்குக் கீழே உள்ள எல்லாமே விழுங்கப்படும். பகுப்புகள் கடைசியில் இருப்பதால் முதலில் அடிபடுவது அவைதான். முன்தோற்றத்தில் கட்டுரையின் வால்பகுதி முழுவதும் காணாமல் போயிருந்தால் இதுதான் காரணம்.

இன்னும் ஒன்று. அந்தப் பகுப்பு மறைந்த பகுப்பாக இருக்கலாம். விருப்பத்தேர்வுகளில் தோற்றம் பகுதிக்குப் போய் மறைந்த பகுப்புகளைக் காட்டும்படி குறியிடுங்கள். "மேற்கோள் தேவைப்படும் கட்டுரைகள்" போன்ற பராமரிப்புப் பகுப்புகள் வாசகருக்குத் தெரியாமல் இருப்பது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு.

இதற்கெல்லாம் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

## பகுப்பு வருகிறது, ஆனால் சிவப்பாக

சிவப்பு என்றால் அந்தப் பெயரில் பகுப்புப் பக்கம் உருவாக்கப்படவில்லை என்று பொருள். உடனே சொடுக்கி உருவாக்கிவிடாதீர்கள். வேறு எழுத்துக்கூட்டலில் அதே பகுப்பு ஏற்கனவே இருக்க வாய்ப்பு அதிகம். தேடல் பெட்டியில் "பகுப்பு:" என்று தட்டி முதல் சொல்லின் பாதியை மட்டும் எழுதி, கீழே வரும் பரிந்துரைகளைப் படியுங்கள். விரைவுப்பகுப்பி (HotCat) என்ற பகுப்பு சேர்க்கும் கருவியைப் பயன்படுத்துவோருக்கு இது தானாகவே கிடைக்கும். அதனால்தான் கையால் தட்டுவதைவிட அந்தக் கருவியையே பரிந்துரைக்கிறேன்.

### ஒற்று மிகுந்ததா, மிகவில்லையா?

"தமிழ்த் திரைப்படங்கள்", "தமிழ் திரைப்படங்கள்". "இந்தியப் பெண் எழுத்தாளர்கள்", "இந்திய பெண் எழுத்தாளர்கள்". நமக்கு இரண்டும் ஒன்று, மென்பொருளுக்கு இரண்டும் வேறு. பரிந்துரையில் இரண்டுமே நீலமாக வந்தால் கீழே "ஒரே பொருளுக்கு இரண்டு பகுப்புகள்" பகுதிக்குப் போங்கள். ஒன்று மட்டும் நீலம் என்றால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். இலக்கணப்படி அது தவறாக இருந்தாலும் முதலில் கட்டுரையை மற்றக் கட்டுரைகளோடு சேருங்கள், பெயர்த் திருத்தத்தை அப்புறம் மொத்தமாகச் செய்யலாம்.

### தமிழ்நாட்டு வழக்கா, இலங்கை வழக்கா?

துடுப்பாட்டம், கிரிக்கெட், மட்டைப்பந்து. உதைபந்தாட்டம், காற்பந்து, கால்பந்து. சப்பான், யப்பான், ஜப்பான். செருமனி, ஜெர்மனி. தமிழ் விக்கி இருநாட்டாரும் சேர்ந்து வளர்த்தது, எனவே பெயர்களும் இப்படித்தான் இருக்கும். முதன்மைக் கட்டுரையின் தலைப்பு எந்த வழக்கில் இருக்கிறதோ, பகுப்பும் பெரும்பாலும் அதே வழக்கில் இருக்கும். கட்டுரையைத் திறந்து அது எந்தப் பகுப்பில் இருக்கிறது என்று பார்ப்பதே குறுக்கு வழி. "எங்கள் ஊரில் இப்படிச் சொல்வதில்லை" என்பதற்காக இரண்டாவது பகுப்பு தொடங்காதீர்கள். பாதிக் கட்டுரைகள் ஒரு பக்கம், மீதிப் பாதி இன்னொரு பக்கம் என்று ஆனால் இரண்டு நாட்டு வாசகருக்கும்தான் நட்டம்.

### பார்க்க ஒன்றுதான், ஆனாலும் சிவப்பு

என்னை அதிக நேரம் அலைய வைத்தது இதுதான். கண்ணுக்கு அச்சு அசலாக ஒன்றாகவே தெரியும் இரண்டு பெயர்கள், ஒன்று நீலம், மற்றொன்று சிவப்பு. காரணங்களை, நான் அதிகம் சந்தித்ததை முதலில் வைத்து வரிசையாகச் சொல்கிறேன்.

ஔகாரம். "ஔவையார்" என்பதில் ஔ ஒரே எழுத்து. பலர் ஒ, ள என இரண்டு எழுத்தாகத் தட்டுவதால் "ஒளவையார்" ஆகிவிடும். "கௌதமர்", "கெளதமர்" இரண்டுக்கும் இதே கதை. கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. எழுத்துக்கு வலப்பக்கம் சுட்டியை வைத்துப் பின்னழிப்பு விசையை ஒரு முறை தட்டுங்கள். ஔ முழுவதும் போனால் சரியான எழுத்து. ஒ மட்டும் மிஞ்சினால் அங்கே இருந்தது ளகரம். கௌ என்றால் க மிஞ்ச வேண்டும், கெ மிஞ்சினால் தவறு.

ஸ்ரீ. இதற்கு இரண்டு குறியீட்டு வழிகள் உண்டு. ஒன்று ஸகரத்தில் தொடங்கும், மற்றொன்று ஶகரத்தில் தொடங்கும். ஶ ஒருங்குறியில் சேர்ந்தது 2005-இல், 4.1 பதிப்பில். அதற்கு முன் எழுதப்பட்டவற்றில் ஸகரம்தான் இருக்கும், சில விசைப்பலகைகள் இன்றும் அதையே தருகின்றன. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஈகாரக் குறியை மட்டும் அழித்துப் பாருங்கள், கூட்டெழுத்து பிரிந்து ஸ எது, ஶ எது என்று தெரிந்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாத இணைப்புத் தடை எழுத்து (ZWNJ). வேறு ஆவணங்களிலிருந்து வெட்டி ஒட்டும்போது கூடவே வரும். அம்புக்குறி விசையால் எழுத்தெழுத்தாக நகருங்கள். ஏதாவது ஓர் இடத்தில் விசையைத் தட்டியும் சுட்டி நகராமல் நின்றால் அங்கே ஏதோ ஒளிந்திருக்கிறது. அழித்துத் தேடிக்கொண்டிருக்காமல் பெயர் முழுவதையும் கையால் புதிதாகத் தட்டிவிடுவதுதான் விரைவு.

மின்வருடி எழுத்துணரி (OCR) தந்த உரையாக இருந்தால் துணைக்காலும் ரகரமும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். தமிழ் எண் ௧ உயிர்மெய் க-வாகவும், ௭ எகரமாகவும் உட்கார்ந்திருக்கலாம்.

ஒன்றைப் பற்றிக் கவலை வேண்டாம்: கொகரத்தை ஒற்றைக் குறியாகத் தட்டினாலும், கொம்பு, கால் எனத் தனித்தனியாகத் தட்டினாலும் மீடியாவிக்கி சேமிக்கும்போது ஒன்றாக்கிவிடும். அதைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

### உண்மையிலேயே இல்லை

எல்லாம் பார்த்தாயிற்று, அப்படி ஒரு பகுப்பே இல்லை என்றால் உருவாக்குங்கள். பக்கத்தில் குறைந்தது ஒரு தாய்ப் பகுப்பு வேண்டும். தாய் இல்லாத பகுப்பு கிளையில்லாத இலை மாதிரி, மேலிருந்து வரும் வாசகர் அதை அடையவே முடியாது. ஆங்கிலக் கட்டுரையை மொழிபெயர்க்கும்போது அதன் பகுப்புகள் எல்லாவற்றையும் அப்படியே கொண்டுவந்து இருபது சிவப்பு இணைப்புகளைத் தொங்கவிட வேண்டாம். இரண்டு மூன்று கட்டுரைகளாவது சேரும் என்று தெரிந்தால்தான் புதிய பகுப்பு, இல்லாவிட்டால் அதன் தாயே போதும்.

## ஒரே பொருளுக்கு இரண்டு பகுப்புகள். நகர்த்தியும் கட்டுரைகள் வரவில்லை

பகுப்புப் பக்கத்தை நகர்த்தினால் அந்தப் பக்கத்தில் எழுதியிருக்கும் உரை மட்டும்தான் நகரும். கட்டுரைகள் பழைய பெயரிலேயே நிற்கும், ஏனென்றால் பகுப்பின் பெயர் ஒவ்வொரு கட்டுரைக்குள்ளும் எழுதப்பட்டிருக்கிறது. வழிமாற்று போட்டாலும் அவை தாமாகப் புதிய இடத்துக்குப் போகாது. கட்டுரை கட்டுரையாக மாற்றியே ஆக வேண்டும்.

எத்தனை கட்டுரைகள் என்பதைப் பொறுத்து வழி மாறும். இருபது வரை என்றால் விரைவுப்பகுப்பியால் ஒவ்வொன்றாக மாற்றுங்கள், அரை மணி நேர வேலை. சில நூறு என்றால் கேட்-அ-லாட் (Cat-a-lot) கருவி, பகுப்புப் பக்கத்திலேயே கட்டுரைகளைத் தேர்ந்து மொத்தமாக நகர்த்த உதவும். அதற்கு மேல் போனால் தானியங்கி (தானே தொகுக்கும் நிரல், bot) இயக்குபவரிடம் கேளுங்கள். ஆனால் கேட்கும் முன் ஆலமரத்தடியில் (தமிழ் விக்கியின் பொது உரையாடல் பக்கம்) எந்தப் பெயர் நிலைக்க வேண்டும் என்று ஒரு முடிவு எட்டியிருக்க வேண்டும். ஒருவர் நகர்த்தி, மற்றொருவர் திருப்பி, கட்டுரைகளின் வரலாறு முழுவதும் பகுப்பு மாற்றங்களாகவே நிறைவது எல்லாருக்கும் சலிப்பு.

காலியான பழைய பகுப்பை நீக்குவது நிருவாகிகளின் வேலை. அவர்களிடம் போகும் முன் அது உண்மையிலேயே காலியா என்று பாருங்கள். கட்டுரைகள் இல்லாமல் துணைப்பகுப்புகளோ கோப்புகளோ மட்டும் மிஞ்சியிருப்பது உண்டு.

### மாவட்டம் பிரிந்த வகை

இது தனி வகை. 2019-இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, இராணிப்பேட்டை, திருப்பத்தூர், 2020-இல் மயிலாடுதுறை எனப் புதிய மாவட்டங்கள் வந்தபோது ஊர்க் கட்டுரைகளின் பகுப்புகளும் மாற வேண்டியதாயிற்று. இங்கே மொத்தமாக ஒன்றை இன்னொன்றாக மாற்ற முடியாது. வேலூர் மாவட்டப் பகுப்பில் இருந்தவற்றில் ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூர் மாவட்டத்துக்கும், அரக்கோணம், வாலாஜா இராணிப்பேட்டைக்கும் போகும், காட்பாடி வேலூரிலேயே இருக்கும். வட்டம் எது என்று கட்டுரைக்குக் கட்டுரை பார்த்துத்தான் நகர்த்த வேண்டும், தானியங்கியிடம் விடாதீர்கள்.

சிவகங்கை மாவட்டத்திலும் ஒரு திருப்பத்தூர் இருக்கிறது. "திருப்பத்தூர்" என்று மட்டும் பெயர் வைத்த பகுப்பில் இரண்டு ஊர்க் கோயில்களும் கலந்துவிடும். பகுப்பின் பெயரிலேயே "மாவட்டம்" என்ற சொல் இருக்கட்டும்.

ஊர், கோயில், ஏரி போன்றவை இன்று இருக்கும் மாவட்டத்துக்குப் போகட்டும். பழைய நிகழ்வுகளைப் பற்றிய கட்டுரைகளை அவை நடந்த காலத்து மாவட்டத்திலேயே விட்டுவிடுவதுதான் சரி என்பது என் எண்ணம்.

## கட்டுரை தப்பான எழுத்தின் கீழ் நிற்கிறது

எந்த எழுத்தின் கீழ் நிற்கிறது என்பதிலேயே காரணம் தெரிந்துவிடும்.

ஆங்கில எழுத்தின் கீழ் நின்றால், ஆங்கிலக் கட்டுரையிலிருந்து டிஃபால்ட்சார்ட் (DEFAULTSORT, பகுப்பில் எந்தப் பெயரால் வரிசைப்படுத்த வேண்டும் என்று சொல்லும் வரிசைக்குறிப்பு) வரியும் சேர்ந்து ஒட்டப்பட்டிருக்கிறது. அந்த வரியை அழியுங்கள், அல்லது தமிழில் மாற்றுங்கள். மொழிபெயர்த்த வாழ்க்கை வரலாறுகளில் இதை முதலில் பாருங்கள்.

தலைப்பெழுத்தின் கீழ் நின்றால்: "உ. வே. சாமிநாதையர்" உகரத்தின் கீழ் போகும். நம் பெயர்களில் முன்னெழுத்து ஊரையும் தந்தையையும் குறிக்கிறது, வாசகர் தேடுவது சாமிநாதையரை. எனவே டிஃபால்ட்சார்ட்டில் "சாமிநாதையர், உ. வே." என்று கொடுங்கள். "முதலாம்", "இரண்டாம்" என்று தொடங்கும் அரசர்களுக்கும் அப்படியே. "முதலாம் இராஜராஜ சோழன்" மகரத்திலும் "இரண்டாம் இராஜராஜ சோழன்" இகரத்திலும் பிரிந்து நிற்பார்கள். "இராஜராஜ சோழன் 1", "இராஜராஜ சோழன் 2" என்று கொடுத்தால் அடுத்தடுத்து வருவார்கள்.

எண்கள் குழம்பியிருந்தால்: இலக்கம் இலக்கமாக ஒப்பிடும் முறையில் தேசிய நெடுஞ்சாலை 544, 83-க்கு முன்னால் வரும், 5 என்பது 8-ஐ விடச் சிறியது. வரிசைக்குறிப்பில் 083 என்று பூச்சியம் சேர்த்துக் கொடுங்கள்.

முதன்மைக் கட்டுரை கூட்டத்தில் தொலைந்தால்: அந்தப் பகுப்பு வரியில் மட்டும் ஒரு செங்குத்துக் கோடும் ஓர் இடைவெளியும் சேருங்கள், [[பகுப்பு:காவிரி ஆறு| ]] என்று. பட்டியலின் தலைக்கு வந்துவிடும்.

பக்கத்தில் டிஃபால்ட்சார்ட் இரண்டு இருந்தால் சிவப்பில் எச்சரிக்கை வரும், கடைசியாக உள்ளதே செல்லும். இரண்டாவது பெரும்பாலும் ஏதாவது ஒரு வார்ப்புருவிலிருந்து வருகிறது.

### எல்லாக் கட்டுரைகளுமே அகராதி வரிசையில் இல்லை

"கவிதை", "கழுகு" என்ற இரண்டு பக்கங்களை ஒரே பகுப்பில் போட்டுப் பாருங்கள். அகராதியில் கவிதை முன்னால் வரும். உங்கள் விக்கியில் கழுகு முன்னால் வந்தால், அது ஒருங்குறி எண்களின் வரிசையில் அடுக்குகிறது. அங்கே ர, ற, ல, ள, ழ, வ என்றுதான் வரிசை, னகரமும் நகரத்தை அடுத்தே உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு கட்டுரையிலும் வரிசைக்குறிப்பு எழுதி இதைச் சரிசெய்ய முயலாதீர்கள். சொந்த விக்கி என்றால், பகுப்பு வரிசை அமைப்பில் தமிழுக்கான முறையைத் தேர்ந்து, அப்டேட்கொலேஷன் (updateCollation) என்ற மராமத்து நிரலை ஓட்ட வேண்டும். மீடியாவிக்கி எழுதப்பட்ட மொழியான பிஎச்பியில் இன்டில் (intl) நீட்சியும் இருக்க வேண்டும். அமைப்பை மாற்றிவிட்டு நிரலை ஓட்டாமல் விட்டால் பழைய வரிசையும் புதிய வரிசையும் கலந்து முன்னைவிட மோசமாகும். வழங்கியைத் தொட்டுப் பழக்கமில்லை என்றால் இந்த இடத்தில் நின்று, தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். விக்கிமீடியா தளங்களில் இது சமூக முடிவோடு ஃபேப்ரிகேட்டரில் (விக்கிமீடியாவின் தொழில்நுட்பக் கோரிக்கைத் தளம்) வேண்டுகோளாக வைக்க வேண்டிய விசயம்.

## உரையில் இல்லாத பகுப்பு அடியில் வருகிறது, அகற்ற முடியவில்லை

வார்ப்புரு வழியாக வருகிறது. உறுதிப்படுத்த எளிய வழி: விரைவுப்பகுப்பி அந்தப் பகுப்பின் பக்கத்தில் கழித்தல் குறி காட்டாது. தொகுப்புப் பெட்டிக்குக் கீழே பக்கத்தில் பயன்படும் வார்ப்புருக்களின் பட்டியல் இருக்கும். தகவற்பெட்டி, வழிசெலுத்துப் பெட்டி, பராமரிப்பு அறிவிப்பு என்ற வரிசையில் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு முன்தோற்றம் பாருங்கள், சேமிக்க வேண்டாம். எதை எடுத்தால் பகுப்பு மறைகிறதோ அதுதான் மூலம்.

கட்டுரைகள் கூட்டமாக "வார்ப்புருக்கள்" என்ற பகுப்பில் வந்து நின்றால், யாரோ வார்ப்புருவுக்கான பகுப்பை நோஇன்க்ளூட் குறிகளுக்கு (<noinclude>, உள்ளிருப்பது வார்ப்புருப் பக்கத்துக்கு மட்டும்) வெளியே எழுதிவிட்டார்கள். எதிர்ப்பக்கமும் உண்டு: கட்டுரைகளுக்கான பகுப்பில் வார்ப்புருவே உறுப்பினராக நின்றால், அந்த வரி இன்க்ளூட்ஒன்லி குறிகளுக்குள் (<includeonly>, உள்ளிருப்பது வார்ப்புருவைப் பயன்படுத்தும் பக்கங்களுக்கு மட்டும்) இருக்க வேண்டும். ஒரு முறை எங்கள் சிறு விக்கியில் நான் மூடும் குறியை ஒரு வரி கீழே வைத்துவிட்டேன். ஊர்ப் பெட்டி உள்ள பக்கங்கள் எல்லாம் ஒரே மாலையில் தவறான பகுப்புக்குப் போய்விட்டன. அதிலிருந்து வார்ப்புருவைச் சேமிக்கும் முன், அதைப் பயன்படுத்தும் ஒரு கட்டுரையின் முன்தோற்றத்தைக் கட்டாயம் பார்க்கிறேன்.

வார்ப்புரு பூட்டப்பட்டிருந்தாலோ, பகுப்பு லுவா (Lua) மொழியில் எழுதிய நிரற்கூறு வழியாக வந்தாலோ அங்கேயே நிறுத்துங்கள். எந்தக் கட்டுரை, எந்தப் பகுப்பு, எந்த வார்ப்புருவை எடுத்தால் மறைகிறது என்ற மூன்றையும் வார்ப்புருவின் பேச்சுப் பக்கத்தில் எழுதுங்கள். மூன்றும் இருந்தால் தெரிந்தவர் சில நிமிடங்களில் முடித்துவிடுவார்.

## திருத்திவிட்டேன், ஆனால் பட்டியல் மாறவில்லை

நேரடியாகக் கட்டுரையில் மாற்றியிருந்தால் பட்டியல் உடனே மாற வேண்டும். மாறாவிட்டால் உங்கள் உலாவி பழைய பக்கத்தைக் காட்டுகிறது, புதுப்பித்துப் பாருங்கள். பட்டியல் ஒரு பக்கத்துக்கு 200 பெயர்கள் என்பதால், தேடும் கட்டுரை அடுத்த பக்கத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வார்ப்புருவில் மாற்றியிருந்தால் பொறுமை வேண்டும். அதைப் பயன்படுத்தும் பக்கங்கள் பணி வரிசையில் நின்று ஒவ்வொன்றாகப் புதுப்பிக்கப்படுகின்றன. அவசரமாகச் சில பக்கங்கள் மட்டும் வேண்டும் என்றால் அந்தக் கட்டுரையைத் திறந்து எதையும் மாற்றாமல் சேமியுங்கள். வரலாற்றில் பதிவாகாது, பகுப்பு மட்டும் புதுப்பிக்கப்படும். பர்ஜ் (purge, பக்கத்தின் சேமித்த நகலை அழிப்பது) செய்வது பெரும்பாலும் பக்கத்தின் தோற்றத்தைத்தான் புதுப்பிக்கும், உறுப்பினர் பட்டியலுக்கு அதை நம்ப வேண்டாம்.

சொந்த விக்கியில் நாள்கணக்கில் மாறாமல் இருந்தால் காரணம் பெரும்பாலும் வருகைக் குறைவு. இயல்பு அமைப்பில், யாராவது பக்கம் பார்க்கும்போதுதான் வரிசையிலிருந்து ஒரு வேலை நடக்கும். யாரும் வராவிட்டால் வரிசை அப்படியே நிற்கும். ரன்ஜாப்ஸ் (runJobs) நிரலை ஒரு முறை ஓட்டுங்கள், பிறகு அது குறித்த நேரத்தில் தானாக ஓடும்படி வழங்கியில் ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.

எண்ணிக்கை மட்டும் தவறா? பகுப்பில் 180 பேர், மேலே 187 என்று காட்டுகிறது என்றால் சும்மா விடுங்கள். சிறிய பகுப்பைத் திறந்து பார்க்கும்போதே மென்பொருள் கணக்கைத் திருத்திக்கொள்ளும். பெரிய பகுப்பில் நீடித்தால் வழங்கி பார்ப்பவர் ரீகவுண்ட்கேட்டகரிஸ் (recountCategories) நிரலை ஓட்ட வேண்டும்.

## பகுப்பு மரத்தில் இறங்கினால் திரும்ப மேலேயே வருகிறது

எங்கோ பேரன் தாத்தாவுக்குத் தாத்தாவாகிவிட்டான். "தமிழ் இலக்கியம்" பகுப்பை "தமிழ்ப் பண்பாடு" பகுப்பிலும், அதை மீண்டும் "தமிழ் இலக்கியம்" பகுப்பிலும் போட்டால் இப்படி ஆகும். மரத்தில் ஒவ்வொரு படியாக இறங்கி, அகலமான பகுப்பு குறுகிய பகுப்புக்குள் உட்கார்ந்திருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து அந்த ஒரு வரியை மட்டும் எடுங்கள். எது அகலம் என்பதில் கருத்து வேறுபாடு வந்தால் இரண்டையும் ஒன்றுக்கொன்று தாயாக்காமல், பகுப்புப் பக்கத்தின் தலையில் "இதையும் பார்க்க" என்று முக்காற்புள்ளி வைத்த இணைப்பாகக் கொடுத்துவிடுங்கள்.